செவ்வாய்க்கிழமைச் சுண்டல்

அக்டோபர் 20, ஞாயிறு

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி பத்து மாதமாகச் சும்மா கிடந்தது. இன்றைக்குத்தான் முதல் எழுத்து. எழுதுகிற அளவுக்கு என்ன நடந்துவிட்டது என்றால், பன்னிரண்டு கிலோ கொண்டைக்கடலையை ஒரே நாளில் வேகவைத்தேன். தோள்பட்டை இரண்டும் என்னுடையதாகவே இல்லை.

கோவில்பட்டி மண்டியில் போன வருஷத்துச் சரக்கை மலிவாகத் தள்ளிவிட்டார்கள். கொண்டைக்கடலை பன்னிரண்டு கிலோ, தட்டப்பயறு ஆறு, மொச்சை ஐந்து. பழைய பயறு லேசில் வேகாது. கேஸ் அடுப்பில் வைத்தால் சிலிண்டர் காலியாகும். ஓடைக்கரையில் சீமைக்கருவேல விறகு சும்மா கிடைக்கிறது. மழை பிடிப்பதற்குள் மொத்தத்தையும் வாசலில் விறகடுப்பு கூட்டி அவித்து ஐஸ் பெட்டியில் போட்டுவிட்டால், பொங்கல் வரைக்கும் காய்கறிக்காரன் பக்கம் தலைவைத்துப் படுக்க வேண்டாம். மாரிச்செல்விக்கு நர்சிங் கடைசி வருஷம். திருநெல்வேலி ஹாஸ்டலில் அவள் மெஸ்ஸுக்குக் கட்டுகிற பணம் இப்படித்தான் மிஞ்ச வேண்டும்.

ஐஸ் பெட்டி எங்கள் வீட்டுக்காரருடையது. மொபெட்டில் ஊர் ஊராக ஐஸ்கிரீம் விற்றபோது சரக்கு வைக்க வாங்கிய ஃப்ரீசர். விழுந்து இடுப்பில் தகடு வைத்த பிறகு மொபெட்டை விற்றாயிற்று, பெட்டியை வாங்கத்தான் ஆளில்லை. ஆள் படுக்கிற நீளத்துக்கு முன்னறையில் கிடக்கிறது. வருகிறவர்கள் அதன்மேல் டீ டம்ளரை வைக்கிறார்கள்.

"கரண்டு பில்லு வரட்டும், ஒன் சிக்கனம் தெரியும்" என்றார்.

"வரட்டும், அப்பப் பாத்துக்கிடலாம்" என்றேன்.

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் பதினெட்டு வருஷமாகச் சமைக்கிறேன். அறுபத்திரண்டு பிள்ளைகள். வீட்டில் இரண்டு பேருக்கு அளந்து உலை வைக்க என் கைக்கு வரவே இல்லை. சின்னப் பாத்திரத்தைப் பார்த்தால் உப்பு எவ்வளவு என்று குழம்பிப் போகிறேன். கல்யாணப் பாத்திரக் கடையில் அண்டாவை வாடகைக்கு எடுத்து வந்து இறக்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது.

முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டு, இரண்டு தண்ணீர் மாற்றினேன். உப்புப் போடக்கூடாது, தோல் முறுகிவிடும். விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும், ஆனால் தோல் உரியக்கூடாது. அந்தப் பதத்தில் இறக்கினால்தான் உறைந்து இளகும்போது கூழாகாது. வடித்து, அவருடைய பழைய வேட்டியில் நிழலில் பரப்பி ஆறவிட்டேன். கழுவிக் காயவைத்திருந்த பால் கவர்களில் அரைக் கிலோ அரைக் கிலோவாகப் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, ரப்பர் பேண்டு போட்டுத் தட்டையாக அடுக்கினேன். கறுப்பு ரப்பர் கடலைக்கு. சிவப்பு தட்டப்பயறுக்கு. மஞ்சள் மொச்சைக்கு. கடலை மட்டும் ஐம்பத்திரண்டு பொட்டலம். வடித்த தண்ணீரில் ரசம் வைத்தேன்.

அக்டோபர் 21, திங்கள்

இடுப்பு நிமிரவில்லை. கடலைக் குழம்பு. அவர் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

அக்டோபர் 27, ஞாயிறு

தட்டப்பயறும் மொச்சையும் முடிந்தது. புகையில் கண் எரிச்சல். நடுவில் தூறல் போட்டது, அவர் தாங்கித் தாங்கி வந்து தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு ரப்பர் பேண்டு தீர்ந்துபோய், கடைசி நாலைந்து தட்டப்பயறுப் பொட்டலத்துக்குக் கறுப்பையே போட்டேன். எனக்குத் தெரியாதா எது எதுவென்று.

பெட்டி நிறைந்துவிட்டது. மூடியைத் திறந்து இரண்டு நிமிஷம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டில் இத்தனை சாப்பாடு மொத்தமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 28, திங்கள்

எங்கள் கூடத்துக்கு அமைப்பாளர் ஜெபமணி டீச்சர். சாமான் கணக்கு, பதிவேடு எல்லாம் அவர் பொறுப்பு. சமையல் என் பொறுப்பு. உதவியாளர் வேலை இரண்டு வருஷமாகக் காலி. டீச்சர் மகளுக்குப் பிரசவம், இன்றோடு நாசரேத் போகிறார், நவம்பர் கடைசியில்தான் வருவார். அடுத்த ஊர் அமைப்பாளர் வாரம் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போடுவாராம். அவர் மூட்டையை எல்லாம் திறந்து பார்க்கிற ஆள் இல்லை.

"செம்பகம், சாவி ஒங்கிட்ட. மழைக்காலம், ஸ்டோர் ரூம் ஜன்னல் கொக்கி லூசா இருக்கு. கயிறு போட்டுக் கட்டிரு. மூட்டைய எல்லாம் பலகை மேல தூக்கி வச்சிரு."

"நான் பாத்துக்கிடுதேன் டீச்சர், நீங்க பிள்ளையப் பாருங்க" என்றேன்.

அக்டோபர் 30, புதன்

தீபாவளிக்கு நாலு நாள் விடுமுறை. மாரிச்செல்வி மூன்று மணி பஸ்ஸில் வருகிறாள் என்று போன். பாத்திரம் கழுவி, கூடத்தைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இளைத்துவிட்டாள். எல்லாம் சரியாக இருக்கிறது.

நவம்பர் 1, வெள்ளி

விடாத மழை. செல்வி மொச்சைக் குழம்பு கேட்டாள். வெந்த மொச்சை கையில் இருந்ததால் அரை மணியில் வைத்துவிட்டேன். "எம்மா, நீ ஹோட்டலே வச்சிரலாம்" என்கிறாள்.

நவம்பர் 2, சனி

மழை.

நவம்பர் 4, திங்கள்

செல்வியை அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். ஸ்டோர் ரூமில் கொஞ்சம் தண்ணீர் வந்திருந்தது. அந்த ஜன்னல் பழையது. யார் பூட்டினாலும் அந்தக் கொக்கி நிற்காது. கட்டடம் கட்டியவனைக் கேட்க வேண்டும்.

அரிசி மேலே இருந்ததால் தப்பித்தது. பருப்பும் தப்பித்தது.

ஒரு குழி வெட்ட வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஈர மண், சிரமமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை சோற்றோடு சுண்டல் கொடுக்க வேண்டிய நாள். காலையில் ஒயர்கூடையில் ஆறு பொட்டலம் எடுத்துக்கொண்டு மினி பஸ் ஏறினேன். சாயங்காலம் கூடை காலி.

பிள்ளைகள் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். பதிவேட்டில் கொண்டைக்கடலை ஒன்றேகால் கிலோ செலவு என்று எழுதினேன்.

நவம்பர் 8, வெள்ளி

ஒரு கணக்கு மட்டும் எழுதி வைக்கிறேன். மூட்டையில் இருந்தது பத்துக் கிலோ. வாரத்துக்கு ஒன்றேகால் கிலோ. எட்டுச் செவ்வாய்க்கிழமை. டிசம்பர் இருபத்திநாலோடு முடிந்துவிடும், அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு புது மூட்டை வரும். என்னிடம் இருப்பது போதும். நாங்கள் தட்டப்பயறு சாப்பிட்டுக்கொள்வோம். யாருக்கும் எதுவும் குறையாது.

கடையில் பச்சைக் கடலையாக வாங்கி மூட்டையில் போட்டுவிடலாமே என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. கையில் இருந்த பணம் முழுக்கப் பயறாகிவிட்டது. பயறு முழுக்க வெந்துவிட்டது.

நவம்பர் 12, செவ்வாய்

ஆறு பொட்டலம். முதல் பிடியை நான் தின்று பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். ஒரு மணி நேரம் காத்திருந்து, எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்றால்தான் பிள்ளைகள் தட்டுக்கு. கொதிக்கிற தண்ணீரில் மறுபடியும் கால் மணி நேரம் அவிக்கிறேன். தாளிப்பில் தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டேன், தேங்காயும் என்னுடையதுதான்.

நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று இன்னொரு கரண்டி கேட்டது. போட்டேன்.

நவம்பர் 17, ஞாயிறு

"கடலக் குழம்பு வச்சு பத்து நாளாச்சு. எங்க போகுது கடலையெல்லாம்?" என்று கேட்டார்.

"பெட்டிக்குள்ளதான் இருக்கு. தட்டப்பயறு முதல்ல தீரட்டும்."

"நான் எண்ணிப் பாத்தேன் செம்பகம்."

வேலையில்லாத ஆம்பளை வீட்டில் இருந்தால் இதுதான் தொல்லை, பொட்டலத்தை எல்லாம் எண்ணுவார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

கூடையோடு வாசலுக்கு வந்தேன். கதவில் கையை ஊன்றி மறித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன், நகரவில்லை. சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் இல்லை, மழையில் மூட்டை நனைந்துவிட்டது என்பதை மட்டும்.

கத்துவார் என்று நினைத்தேன். கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் இடுப்பைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். "வெளியிலருந்து கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குப் போடுறது தப்புலா?" என்று மட்டும் கேட்டார். தப்புத்தான். வெளிச் சாப்பாடு ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது என்று சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறது. தினமும் அதற்கு நேரே நின்றுதான் சமைக்கிறேன்.

நவம்பர் 25, திங்கள்

டீச்சர் வந்துவிட்டார். பேரன். போனில் இருபது படம் காட்டினார். சொல்லலாம் என்று வாயெடுத்தேன், இன்னொரு படம் காட்டினார். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாள் ஆயிற்று. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 26, செவ்வாய்

சொல்லவில்லை. டீச்சர் வருவதற்குள் சுண்டலை முடித்துவிட்டேன். நாலு செவ்வாய் போயிற்று, நாலு இருக்கிறது.

நவம்பர் 27, புதன்

டீக்கடை குருசாமி பெட்டியை விலைக்குக் கேட்டு வந்தானாம். நான் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். குளிர் நன்றாக நிற்கிறதா என்று பார்க்கிறவன், உள்ளே இருந்த பொட்டலம் ஒன்றை அவிழ்த்தே பார்த்திருக்கிறான். "சுண்டலா? இம்புட்டா?" என்று கேட்டானாம். விலை ஒத்துவரவில்லை, போய்விட்டான்.

நவம்பர் 30, சனி

தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, "ஒனக்கென்னக்கா, கடலைக்கும் பஞ்சமில்ல, பயறுக்கும் பஞ்சமில்ல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். குடத்தை நிரப்பாமலே வந்துவிட்டேன்.

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கூடத்திலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கொத்து எடுத்து வந்ததில்லை. பிள்ளை சின்னவளாக இருந்தபோது மிஞ்சின முட்டையைக்கூட எடுத்து வந்ததில்லை. ஒருநாள் அவள் கேட்டு அழுததற்கு முதுகில் ஒன்று வைத்தேன்.

டிசம்பர் 2, திங்கள்

யூனியன் ஆபீஸுக்கு என்மேல் மனுப் போயிருக்கிறதாம். தலைமையாசிரியர் பெரிய சார் டீச்சரைக் கூப்பிட்டுப் பேசினார். டீச்சர் வெளியே வந்து என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டார்.

டிசம்பர் 3, செவ்வாய்

உட்கார்ந்து எழுத முடியாத அளவுக்கு அலுப்பு. ஆனால் இதை எழுதாமல் படுக்க மாட்டேன்.

இன்றைக்குப் பார்த்துச் சுண்டல் நாள். பொட்டலங்களை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். ஆறாவது இளகி விரிந்தபோதுதான் தெரிந்தது, அது தட்டப்பயறு. கறுப்பு ரப்பர் போட்டுவைத்த என் புத்திசாலித்தனம். ஜல்லிக் கரண்டியால் அரித்து அரித்து எடுத்தேன். அரசாங்கம் எங்களுக்குத் தட்டப்பயறு கொடுப்பதே இல்லை. எவ்வளவு எடுத்தாலும் கடலைக்கு நடுவில் வெளுப்பாக ஒன்றிரண்டு தெரிந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் சாப்பிட வந்துவிட்டார்கள். தினமும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி வைக்க வேண்டும், யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் பார்ப்பதற்கு. அதையும் எடுத்து வைத்தேன்.

ஒன்றரை மணிக்கு ஜீப் வந்தது. யூனியன் ஆபீஸிலிருந்து ஒரு மேடம், கூட ஒரு கிளார்க். மேடத்துக்கு என் மகள் வயதைவிடப் பத்து வயது கூட இருக்கும். மரியாதையாகத்தான் பேசினார். பதிவேட்டைப் பார்த்தார், ஸ்டோர் ரூமைத் திறக்கச் சொன்னார். அரிசி சரி. பருப்பு சரி. எண்ணெய் சரி. கொண்டைக்கடலை பதிவேட்டில் மூன்றேமுக்கால் கிலோ. மூட்டையில் ஒன்றுமில்லை.

"இந்தக் கடலை எங்கேம்மா?"

கிளார்க் எங்கள் ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார். மேடம் பெரிய சார் அறைக்குப் போய் உட்கார்ந்தார். எடுத்து வைத்த கிண்ணத்தையும் கொண்டுவரச் சொன்னார்.

கிண்ணத்தை எடுக்க டீச்சர் சமையல்கட்டுக்குள் வந்தார். மூடியைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். இருபத்தைந்து வருஷம் இந்தப் பயறுகளோடு இருந்தவர், அவர் கண்ணுக்குத் தப்புமா. என்னையும் பார்த்தார், கிண்ணத்தையும் பார்த்தார்.

"இது எங்கருந்து வந்துச்சு செம்பகம்?"

அங்கேயே தரையில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவர் கயிறு போட்டுக் கட்டச் சொன்ன ஜன்னலை நான் கட்டவில்லை. பலகை மேல் தூக்கி வைக்கச் சொன்ன மூட்டையை நான் தூக்கி வைக்கவில்லை. மகள் பஸ்ஸில் வருகிறாள் என்று ஓடிவிட்டேன். நாலு நாள் தண்ணீரில் கிடந்து பத்துக் கிலோவும் முளைவிட்டு நாறிப்போயிருந்தது. குழிதோண்டிப் புதைத்தேன். ஐந்து செவ்வாய்க்கிழமையாக இந்தப் பிள்ளைகள் சாப்பிட்டது என் வீட்டுக் கடலை.

டீச்சர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கிண்ணத்திலிருந்து தட்டப்பயறை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினார். ஏழு எட்டு இருக்கும். பிறகு கிண்ணத்தைக் குலுக்கிச் சமன் செய்து மூடினார்.

"இப்ப நான் சொல்லுததக் கேளு. மழையில நனைஞ்சுதுன்னு இப்பச் சொன்னா, அஞ்சு செவ்வாக்கிழம பிள்ளைக எதத் தின்னுச்சுன்னு கேப்பாக. வெளியிலருந்து கொண்டாந்து போட்டேன்னு சொன்னா இன்னைக்கே ஒன் வேல போயிரும். கேஸு கூட வரும். போன வருஷம் ஒரு ஊர்ல சோத்துல பல்லி கெடந்ததுக்கு ஆளையே தூக்கிட்டாக."

"அப்ப நான் என்ன சொல்ல டீச்சர்?"

"எடுத்தேன்னு எழுதிக் குடு. அரிசி எடுத்து மாட்டுனவ ஒருத்தி, பணத்தப் புடிச்சிக்கிட்டு எச்சரிச்சு விட்டாக. இன்னைக்கும் அவதான் அங்க சமைக்கா."

"நான் எடுக்கலையே டீச்சர்."

"எனக்குத் தெரியும்லா."

பதினெட்டு வருஷம் நான் எடுக்காமல் இருந்தது இந்த ஒரு பேருக்குத்தான். பேரை வைத்துக்கொண்டால் வேலை போகும். வேலை போனால் செல்வி இந்த ஆறு மாதத்தை முடிக்காமல் வீட்டுக்கு வருவாள். மணி அடித்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போகிற சத்தம் கேட்டது.

கிளார்க் திரும்பி வந்து, வீட்டில் கடலைப் பொட்டலம் இருக்கிறது என்று சொன்னார். நான் பெரிய சார் அறைக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். மேடம் சொல்லச் சொல்ல எழுதினேன். 'வீட்டு உபயோகத்துக்காக எடுத்துச் சென்றது உண்மை.' என் கையெழுத்து எப்போதும் நன்றாக இருக்கும், இன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மேடம் படித்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சர்வீஸ் இருக்கே, ஏம்மா இப்படி?" என்றார். அந்தப் பிள்ளைக்கு நிஜமாகவே வருத்தம்.

வெளியே வந்ததும் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "இது ஒனக்கும் எனக்கும் ஒங்க வீட்டுக்காரருக்கும் மட்டும் இருக்கட்டும். செல்விட்டகூடச் சொல்லாத. அவ வாய் சும்மா இருக்காது. ஒன்னத் திருடின்னு எவனாவது சொன்னா டீக்கடை முன்னாடி நின்னு உண்மையச் சொல்லிருவா. அப்ப ஒன் வேலயும் போச்சு, தெரிஞ்சு மறைச்ச என் வேலயும் போச்சு." சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

டிசம்பர் 4, புதன்

எச்சரித்து விட்டுவிட்டார்கள், வேலைக்குப் போனேன். சாம்பார் சாதம், முட்டை.

டிசம்பர் 5, வியாழன்

எங்கள் வீட்டுக்காரர் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டேன்.

குருசாமி எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறான், பிள்ளைகள் சோற்றில் கைவைக்க உன் பெண்டாட்டிக்கு எப்படி மனசு வந்தது என்று. இவர் கோபக்காரர். முன்பு என்றால் டம்ளர் பறந்திருக்கும்.

"என்ன சொன்னீங்க?"

"நாந்தான் கொண்டாரச் சொன்னேன்னு சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா, நான்தான் அடிச்சுக் கொண்டாரச் சொன்னேன்னு சொன்னேன்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த மனுஷன் என்னை அடிக்க ஒரு விரல் தூக்கியதில்லை. இனி ஊரில் அந்தப் பேரும் சேர்ந்தது. தட்டில் சோற்றைப் போட்டேன். சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள மொச்சைதான்.

டிசம்பர் 8, ஞாயிறு

மிச்சம் இருந்த கடலையை அவித்துத் தாளித்தேன். இருவருக்கும் இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் கொடுக்கலாம் என்றால், வாங்குவார்களா? வாங்கினாலும் அவர்கள் அதை என்னவென்று நினைத்து வாங்குவார்கள்? கோழிக்குப் போட்டேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

புது மூட்டை வந்தது. மூன்று பேர் முன்னிலையில் எடை போட்டார்கள். ஸ்டோர் ரூம் சாவி இனி பெரிய சாரிடம். டீச்சர் ஒன்றேகால் கிலோவை அளந்து என் முன்னால் வைத்தார், நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். புதுக் கடலை, சீக்கிரம் வெந்துவிட்டது. பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது பையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும் என்று உத்தரவு. டீச்சர் கேட்கக் கூசிக்கொண்டு நின்றார். நானே திறந்து காட்டினேன். சீப்பு, தண்ணீர் பாட்டில், பஸ் டிக்கெட்.

டிசம்பர் 11, புதன்

சாயங்காலம் செல்வி போன் செய்தாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். எடுத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஊரிலிருந்து யாரோ சொல்லிவிட்டார்கள்.

"எம்மா, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன். நீயும் ஒண்ணும் சொல்லாத" என்றாள்.

"சொல்லு தாயி."

"ஒம்மேல எனக்குக் கோவம் இல்லம்மா. எனக்கு மெஸ்ஸுக்குக் கட்டத்தான எடுத்த. நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாதா?" சொல்லும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள். "காலைச் சாப்பாட்ட நிறுத்திட்டேன், வார்டன்ட்ட எழுதிக் குடுத்துட்டேன். காசு கொறையும். நான் இருந்துக்கிடுவேன். நீ மட்டும் இனிமே எடுக்காதம்மா. எனக்கு அங்க வர வெக்கமா இருக்கும்."

வீட்டுக்காரர் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். என் பிள்ளையிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறேன். சொன்னால் அடுத்த பஸ்ஸில் கிளம்பி வந்து டீக்கடை முன்னால் நிற்பாள், நான் பெற்ற பிள்ளை, எனக்குத் தெரியும். டீச்சர் மென்று விழுங்கினதும் அதோடு வெளியே வந்துவிடும்.

"எம்மா, இருக்கியா?"

"இருக்கேன் தாயி. இனிமே எடுக்க மாட்டேன். நீ மூணு நேரமும் சாப்பிடு" என்றேன்.